ஒண்ணுமே இல்லாத ஒரு ஃபைல்!

லீவு முடிஞ்சு ஹாஸ்டலுக்குக் கிளம்புற நாள். உங்க வீட்டுல எப்படியோ, எங்க வீட்டுல அன்னைக்கு ஒரு குட்டி யுத்தமே நடக்கும். நாலு சுடிதார், லேப்டாப், சார்ஜர்... பத்தே நிமிஷத்துல பையைக் கட்டிட்டு 'நான் ரெடி'ன்னு நிப்பேன். அம்மா வந்து, பையைத் திறந்து, எல்லாத்தையும் கட்டில்ல கொட்டிட்டு மறுபடி முதல்ல இருந்து அடுக்குவாங்க. பருப்புப் பொடி, கடலை மிட்டாய், தைலம்... கூடவே ஒரு காலி எவர்சில்வர் டப்பா!

"காலி டப்பாவை எதுக்கும்மா தூக்கிட்டுப் போகணும்?"

"இருக்கட்டும்டி, வேணும்."

அவ்வளவுதான். காரணம் எல்லாம் சொல்ல மாட்டாங்க. அம்மா அந்தப் பக்கம் போனதும் டப்பாவை எடுத்து அலமாரிக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சுட்டு நான் பஸ் ஏறிடுவேன்.

மூணாவது வருஷம் முடிஞ்ச லீவுல இன்டர்ன்ஷிப் போன இடத்துலயும் இதே வேலையைப் பார்த்தேன். சரியான பல்பு வாங்கினேன். அந்தக் கதையைத்தான் உங்ககிட்ட சொல்லப் போறேன். 'ஐயையோ, நான் மெக்கானிக்கல்'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க பாஸ். பை கட்டத் தெரிஞ்சவங்களுக்கு இது புரியும்!

அந்த 280 வரிகள்

சென்னையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. கடைகளுக்கு பில் போடுற சாஃப்ட்வேர் செய்றாங்க. ஆறு வாரம் இன்டர்ன்ஷிப். முதல் ரெண்டு நாள் சும்மா உட்கார வெச்சாங்க. மூணாவது நாள் டீம் லீட் சார் கூப்பிட்டு, "இந்த பேக்கேஜிங் டூலைக் கொஞ்சம் சுத்தம் பண்ணும்மா"ன்னார்.

பேக்கேஜிங் டூல்னா ஒண்ணும் பெரிய விஷயமில்லை. ஒரு சாஃப்ட்வேரை எழுதுற ஃபோல்டருக்குள்ள என்னென்னவோ கிடக்கும். புரோகிராம், படம், எழுத்துரு, டெஸ்ட் ஃபைல், எவரோ எழுதி வெச்ச குறிப்பு, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு... இதுல கஸ்டமர் கையில் போக வேண்டியது சிலது மட்டும்தான். அதை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரே மூட்டையாக் கட்டித் தர்றதுதான் இந்த டூலோட வேலை. மூட்டை கட்டுறது சுலபம். 'டார்'னு ஒரு பழைய யூனிக்ஸ் கட்டளை 1979லிருந்தே அந்த வேலையைச் செய்யுது. கஷ்டம் எல்லாம் அதுக்கு முந்தின படியில்தான். எது உள்ளே, எது வெளியே?

அந்தப் படியைச் செய்யற ஃபங்ஷனைத் திறந்தேன். மொத்தம் 280 வரி. 'இஃப்'க்குள்ள 'இஃப்', அதுக்குள்ள இன்னொரு 'இஃப்'. ஒரே படத்துக்கு ரெண்டு தடவை சோதனை. சின்ன எழுத்து 'பிஎன்ஜி'க்கு ஒண்ணு, பெரிய எழுத்து 'பிஎன்ஜி'க்கு ஒண்ணு. பேரில் புள்ளி வெச்சு ஆரம்பிக்கிற ஃபைலுக்குத் தனியா ஒரு விதி. ஏன்னு ஒரு இடத்துல கூட கமென்ட் இல்லை. எழுதினவரும் கம்பெனியில் இல்லை.

'யாருப்பா இதை எழுதினது'ன்னு மனசுக்குள்ள சிரிச்சேன். பைத்தானில் 'குளோப்'னு ஒரு வசதி இருக்கு. நட்சத்திரக் குறி போட்டு 'இந்த மாதிரி பேர் உள்ளதை எல்லாம் எடு'ன்னு ஒரே வரியில் சொல்லிடலாம். ஏ.ஐ. கிட்டயும் 280 வரியைக் கொடுத்து 'சுருக்கிக் கொடு'ன்னேன். நானும் அதுவும் சேர்ந்து ஒரே மத்தியானத்துல 30 வரியாக்கிட்டோம்! ரெண்டு 'பிஎன்ஜி'யில் ஒண்ணை நானே தூக்கினேன். என் விண்டோஸ் லேப்டாப்புல ஓட்டிப் பார்த்தேன். மூட்டை உருவாச்சு. ஏற்கெனவே இருந்த டெஸ்ட் எல்லாம் பச்சை. லீட் சார் மேலோட்டமாப் பார்த்துட்டு "குட்"னார்.

அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்புல நான் போட்ட சீன் இருக்கே... அதை இங்கே எழுத முடியாது.

கடை திறப்பு விழா

எட்டு நாள் ஒரு பிரச்னையும் இல்லை. ஒன்பதாவது நாள் காலை பத்து மணி. லீட் சார் டேபிள்ல ஸ்பீக்கர்ல ஒரு போன். சப்போர்ட் டீம் அண்ணா ஒருத்தர் வெளியூர்ல ஒரு புது மளிகைக் கடையில் நிக்கிறார். அன்னைக்குத்தான் கடை திறப்பு விழா. வாழை மரம் கட்டி, நாதஸ்வரம் வாசிக்கிற சத்தம் போன்ல கேட்குது. பில் போடுற கம்ப்யூட்டர் மட்டும் உயிர் வரமாட்டேங்குது. சாஃப்ட்வேரை ஆரம்பிச்சதுமே மூடிக்குது.

"சார், போன மாசம் வேற கடையில இதே மாதிரிதான் போட்டேன். எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கேன் சார்..."

பின்னாடி கடைக்காரர் கத்துறார். "தெரியாதவனை எல்லாம் அனுப்பி வெச்சிருக்காங்க" என்கிற வார்த்தை தெளிவாக் கேட்டுச்சு. அந்த அண்ணா ஒண்ணும் பதில் பேசலை.

இங்கே ஆபீஸ்ல என்ன நடந்துச்சு தெரியுமா? "இன்ஸ்டால் பண்ணும்போது ஏதாவது ஸ்டெப் விட்டுட்டீங்களா? மறுபடி முதல்ல இருந்து பண்ணுங்க"ன்னாங்க. அவர் மறுபடி பண்ணினார். மறுபடியும் அதே.

எனக்கு வயித்துக்குள்ள ஏதோ பிசைஞ்சது. மூட்டை கட்டுற கோடை மாத்தினது நான். எட்டு நாளா வேற யாரும் அதைத் தொடலை. ஆனா, வாயைத் திறக்கலை. 'மத்த கடைகள்ல எல்லாம் ஓடுதே, என்னோடதா இருக்காது'ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இன்டர்ன்ஷிப் சர்ட்டிஃபிகேட், வேலை ஆஃபர், ராத்திரி போட்ட சீன்... எல்லாம் கண்ணு முன்னாடி வந்து போச்சு. கடிகாரத்தைப் பார்த்தேன். நாப்பது நிமிஷம் ஓடிப் போயிருந்துச்சு. நாப்பது நிமிஷமா ஒரு மனுஷன், நான் பண்ணின தப்புக்காக நடுக்கடையில் திட்டு வாங்கிட்டு நிக்கிறார்.

எழுந்து போய், "சார், பேக்கேஜிங்கை நான்தான் மாத்தினேன். அதுவா இருக்கலாம்"னு சொன்னேன். குரல் எனக்கே கேட்கலை.

லீட் சார் ஒண்ணும் திட்டலை. பழைய டூலை வெச்சு ஒரு மூட்டை கட்டி அனுப்பினார். அதைப் போட்டதும் கடையில் கம்ப்யூட்டர் ஓடிருச்சு. அப்புறம்தான் என் பக்கம் திரும்பி, "சரி, இப்ப எது காணாமப் போச்சுன்னு கண்டுபிடி"ன்னார்.

காணாமப் போன அஞ்சு

ரொம்ப எளிமையான வேலை. பழைய மூட்டைக்குள்ள இருக்கிற ஃபைல் பேரை எல்லாம் எடுத்து, அகர வரிசையில் ஒரு லிஸ்ட். புது மூட்டைக்கும் அதே மாதிரி ஒரு லிஸ்ட். ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடணும். பழசுல 214 ஃபைல். புதுசுல 209.

காணாமப் போன அஞ்சுல ரெண்டு, பெரிய எழுத்து 'பிஎன்ஜி' படங்கள். நான் 'தேவையில்லாத ரிப்பீட்டு'ன்னு தூக்கின வரி ஞாபகம் இருக்கா? விண்டோஸுக்குப் பேரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. லினக்ஸுக்கு உண்டு. என் லேப்டாப் விண்டோஸ். மூட்டை கட்டுற சர்வர் லினக்ஸ். என்கிட்ட இருந்த படம் அங்கே இல்லாமப் போச்சு. இது இன்னொரு நாள் வெடிக்க வேண்டிய வெடி!

மீதி மூணுதான் வில்லன். மூணுமே புள்ளியில் ஆரம்பிக்கிற ஃபைல். பேர் 'கிட்கீப்'. திறந்து பார்த்தேன். உள்ளே ஒண்ணுமே இல்லை. ஜீரோ பைட்!

'ஒண்ணுமே இல்லாத ஃபைல் காணாமப் போனா என்ன?'ன்னுதானே கேட்கறீங்க? நானும் கேட்டேன். சீனியர் அக்கா ஒருத்தங்க விளக்கினாங்க. கோடைப் பத்திரப்படுத்துற 'கிட்', காலி ஃபோல்டரைக் கணக்குல எடுத்துக்காது. அதனால காலி ஃபோல்டரைக் காப்பாத்தணும்னா அதுக்குள்ள ஒரு வெத்து ஃபைலைப் போட்டு வைப்பாங்க. எங்க மூட்டையும் ஃபைலை மட்டும்தான் தூக்கிட்டுப் போகும். அந்த வெத்து ஃபைல் போனாத்தான் அது இருக்கிற ஃபோல்டரும் கூடப் போகும். எங்க சாஃப்ட்வேர் ஆரம்பிச்சதும் முதல் வேலையா 'லாக்ஸ்' ஃபோல்டர்ல ஒரு வரி எழுதப் பார்க்கும். ஃபோல்டரே இல்லைன்னா பைத்தான் 'ஃபைல் நாட் ஃபவுண்ட்'னு படுத்துரும்.

அப்போ எட்டு நாள் எப்படி ஓடிச்சு? பழைய கடைகள்ல எல்லாம் 'லாக்ஸ்' ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கு. புது வெர்ஷன் அதுக்கு மேலேயே உட்காரும். ஆபீஸ் டெஸ்டிங் மெஷினும் அப்படித்தான். புத்தம் புதுசா ஒரு கடை திறந்தாத்தான் தப்பு தெரியும். தெரிஞ்சது, நாதஸ்வரத்தோட!

சரி, 'குளோப்' ஏன் அதை விட்டுச்சு? பழைய கோடு ஒவ்வொரு ஃபோல்டரா நடந்து போய் எல்லா ஃபைலையும் பார்த்துச்சு. பைத்தானோட 'குளோப்' வெறும் நட்சத்திரம் போட்டா, புள்ளியில் ஆரம்பிக்கிற பேரைத் தொடாது. இது பழைய யூனிக்ஸ் ஷெல் பழக்கம். 'மறைஞ்சிருக்கிறதையும் எடு'ன்னு சொல்ற வசதியே 2022ல வந்த பைத்தான் 3.11லதான் சேர்ந்துச்சு. இதுல காமெடி என்னன்னா, அதே பைத்தான்ல 'பாத்லிப்'னு இன்னொரு வசதி இருக்கு. அதுல அதே நட்சத்திரத்தைப் போட்டா புள்ளி ஃபைலையும் எடுத்துரும்!

புள்ளி வெச்ச ஃபைல் மறையற பழக்கமே ஒரு குறுக்குவழியில பிறந்ததுன்னு யூனிக்ஸ் காலத்து ஆள் ராப் பைக் எழுதியிருக்கார். ஃபோல்டருக்குள்ள தானா தெரியற ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி ரெண்டையும் மறைக்கணும். அதுக்கு 'முதல் எழுத்து புள்ளியா இருந்தா விட்டுடு'ன்னு சுருக்கமா ஒரு சோதனை போட்டாங்களாம். அந்தச் சுருக்கத்தால புள்ளியில் ஆரம்பிக்கிற எல்லாமே மறைஞ்சு போச்சு. நான் போட்டதும் அதே மாதிரி ஒரு சுருக்கம்தான். கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு. ஹி... ஹி...

அடுத்த ஆப்பு

சும்மா இருப்பேனா? உடனே சரி பண்றேன்னு கிளம்பினேன். 'எதை எடுக்கணும்னு சொன்னாத்தானே எதையாவது விட்டுடறோம்? எல்லாத்தையும் எடு, வேண்டாததை மட்டும் விடுன்னு தலைகீழா மாத்திட்டா?' நல்ல ஐடியாவாத்தான் தெரிஞ்சது. ஒண்ணும் காணாமப் போகலை. சீனியர் அக்காகிட்ட காட்டினேன். அவங்க கோடைப் பார்க்கவே இல்லை. மூட்டையைத் திறந்து லிஸ்ட்டைத்தான் பார்த்தாங்க. மேலேயிருந்து நாலாவது வரியில் விரலை வெச்சாங்க.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கிற 'என்வ்' ஃபைல். கஸ்டமருக்குப் போற மூட்டைக்குள்ள!

"முதல் தடவை, வேணுங்கிறது போகலை. கடை திறக்கலை, உடனே தெரிஞ்சது. இது போயிருந்தா யாருக்கும் தெரியாது. எல்லாமே நல்லா ஓடியிருக்கும். அதுதான் பயம்"னாங்க. ஏ.சி. ரூம்லயும் எனக்கு வேர்த்துருச்சு.

இது எங்க கம்பெனி பிரச்னை மட்டும் இல்லை பாஸ். ஜாவாஸ்கிரிப்ட் படிக்கிறவங்க 'என்.பி.எம்.' பயன்படுத்துவீங்க. அதுல 'ஃபைல்ஸ்'னு ஒரு பட்டியல் கொடுத்து 'இதை மட்டும் எடு'ன்னு சொல்லலாம். இல்லைன்னா 'என்.பி.எம். இக்னோர்' ஃபைல் வெச்சு 'இதை விட்டுடு'ன்னு சொல்லலாம். அந்த 'இக்னோர்' ஃபைல் இல்லாதப்போ, 'கிட் இக்னோர்'ல இருக்கிறதை வெச்சு என்.பி.எம். தானா ஒதுக்கும். நீங்க 'என்.பி.எம். இக்னோர்' ஒண்ணு போட்டீங்கன்னா, அதுக்கப்புறம் அதே இடத்துல இருக்கிற 'கிட் இக்னோரை' அது பார்க்காது. ரெண்டு வரி எழுதிப் பாதுகாப்பு பண்ணினோம்னு நினைப்போம். உண்மையில் இருபது வரி பாதுகாப்பை எடுத்திருப்போம்!

பைத்தான்ல 'மானிஃபெஸ்ட்'னு ஒரு ஃபைல் இருக்கு. அதுல 'சேர்', 'விலக்கு'ன்னு வரிசையா எழுதணும். வரிசை மாறினா மூட்டையும் மாறும். மேலே விலக்கினதைக் கீழே ஒரு வரி மறுபடி சேர்த்துடலாம். ஆக, எந்த ஊர்லயும் பை கட்டுறது லேசுப்பட்ட வேலை இல்லை.

மூணாவது தடவை

இந்தத் தடவை சீனியர் அக்கா பக்கத்துல உட்கார்ந்தாங்க. முதல் கேள்வியே, "ரீஃபேக்டரிங்னா என்ன?"

"கோடை அழகாக்குறது அக்கா."

"இல்லை. வெளியே தெரியற வேலை மாறாம உள்ளே மாத்துறது."

மார்ட்டின் ஃபௌலர் 1999ல இதுக்குன்னே ஒரு புத்தகம் போட்டு அந்த வார்த்தையைப் பிரபலமாக்கினார். நம்ம சிலபஸ்லயும் வருது. ரெண்டு மார்க் கேள்வி. நான் அதுல ரெண்டுக்கு ரெண்டு! ஆனா, 'வெளியே தெரியற வேலை மாறலை'ன்னு எப்படித் தெரியும்? அதை எந்த மார்க்குக்கும் யாரும் கேட்கலை.

அக்கா சொன்ன வழி இதுதான். கோடுல கை வைக்கிறதுக்கு முன்னாடி, பழைய டூல் இப்ப என்ன செய்யுதோ அதை அப்படியே பதிவு பண்ணு. அது சரியா தப்பான்னு யோசிக்காதே. எங்களுக்கு அந்தப் பதிவு, 214 பேர் உள்ள லிஸ்ட். மைக்கேல் ஃபெதர்ஸ்னு ஒருத்தர், பழைய கோடை எப்படிக் கையாள்றதுன்னு 2004ல எழுதின புத்தகத்துல இந்த மாதிரி டெஸ்ட்டுக்கு 'கேரக்டரைசேஷன் டெஸ்ட்'னு பேர் வெச்சிருக்கார். இருக்கிற குணத்தைப் படம் பிடிச்சு வைக்கிற டெஸ்ட்.

அப்புறம் 280 வரியை மூணு துண்டாப் பிரிச்சோம். ஒண்ணு, ஃபோல்டர்ல இருக்கிற எல்லாப் பேரையும் கொண்டு வரும். ரெண்டாவது, அந்தப் பேர்கள்ல எது உள்ளே, எது வெளியேன்னு மட்டும் முடிவு பண்ணும். மூணாவது, மூட்டை கட்டும். ரெண்டாவது துண்டு டிஸ்க்கைத் தொடவே தொடாது. பேர் உள்ளே போகும், பேர் வெளியே வரும். அதனால அதைச் சோதிக்க ஃபைலே வேண்டாம், பேர் போதும். லினக்ஸ், விண்டோஸ் சண்டையும் இல்லை. 'எதை எடுக்கணும்' என்கிற பட்டியல்தான் சட்டம். அதுக்கும் மேல, என்ன ஆனாலும் போகக் கூடாத நாலஞ்சு பேருக்கு ஒரு தடுப்பு.

ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் லிஸ்ட்டை ஒப்பிட்டோம். ஒரு பேர் கூடினாலோ குறைஞ்சாலோ அங்கேயே நிறுத்தினோம். ஒரே மத்தியானத்துல முடிச்ச வேலைக்கு இந்தத் தடவை ஆறு நாள் ஆச்சு. கடைசியில் 30 வரி எல்லாம் இல்லை. 110 வரி. அதுல பதினஞ்சு வரி கமென்ட். புள்ளி ஃபைல் விதிக்கு மேல நான் எழுதின கமென்ட்: 'இது காலி ஃபைல்தான். எடுத்துடாதீங்க. புதுக் கடை திறக்காது.'

பழைய ஹிஸ்டரியைத் தோண்டினப்போ, அந்த விதியைச் சேர்த்தவர் போட்டிருந்த குறிப்பையும் பார்த்தேன். ஒரே வார்த்தை. 'ஃபிக்ஸ்'. அவருக்கும் ஏதோ ஒரு கடையில் ஒரு காலை விடிஞ்சிருக்கும். அதை அவர் எழுதி வைக்கலை. ஏ.ஐ.யையும் நான் குறை சொல்லலை. காரணம் கோடுல இல்லாதப்போ அது எங்கே போய்ப் படிக்கும்? அதைக் கேட்க வேண்டிய ஆள் நான்தான். கேட்காம சிரிச்சேன்.

நீங்களும் பண்ணிப் பாருங்க

அடுத்து ஒரு மினி புராஜெக்ட் கட்டி அனுப்பும்போது, அனுப்புறதுக்கு முன்னாடி மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை லிஸ்ட் எடுத்துப் பாருங்க. என்.பி.எம்.ல 'பேக்' கட்டளையோட 'டிரை ரன்' சேர்த்தா, மூட்டை கட்டாமலே உள்ளே போற ஃபைல் பேரை எல்லாம் காட்டும். ரஸ்ட் படிக்கிறவங்களுக்கு 'கார்கோ பேக்கேஜ்' கட்டளையில் 'லிஸ்ட்' இருக்கு. ஜிப் ஃபைலா? திறந்தே பாருங்க. ரெண்டே நிமிஷம். உங்க பாஸ்வேர்டு ஹெச்.ஓ.டி. மெயிலுக்குப் போறதை அந்த ரெண்டு நிமிஷம் தடுக்கும்.

வேலை ஆஃபர் கிடைச்சுதான்னு கேட்கறீங்களா? இன்னும் சொல்லலை. சர்ட்டிஃபிகேட் கொடுத்தாங்க.

கடைசி நாள் அந்த சப்போர்ட் அண்ணா ஆபீஸுக்கு வந்திருந்தார். நேர்ல முதல் தடவை பார்க்கிறேன். போய், "அண்ணா, அன்னைக்குக் கடையில உங்களைத் திட்டினாங்களே, அது என்னாலதான். தெரிஞ்சும் நாப்பது நிமிஷம் சொல்லாம இருந்துட்டேன். ஸாரிண்ணா"ன்னேன்.

என்ன ஃபைல்னு கேட்டார். சொன்னேன்.

"உள்ள ஒண்ணுமே இல்லையா? அதுக்காம்மா என்னை அந்தப் பேச்சு பேசினாரு?" சிரிச்சார். அப்புறம் கொஞ்சம் நேரம் கழிச்சு, "அடுத்த தடவை மொத நிமிஷத்துலயே சொல்லிருமா. நான் சமாளிச்சுக்குவேன்"னார்.

ஊருக்குப் போனதும் அம்மாகிட்ட கேட்டேன், "அந்தக் காலி டப்பா எதுக்கும்மா?"

"மெஸ்ல சாப்பாடு பிடிக்காத அன்னைக்கு, கூட இருக்கிற பிள்ளைங்க வீட்டுல இருந்து கொண்டு வந்ததைக் கொடுத்தா எதுல வாங்குவே? கையிலயா?"

மூணு வருஷமா காகிதத்துலதான் வாங்கிட்டிருக்கேன். இந்தத் தடவை டப்பா ஹாஸ்டலுக்கு வந்திருக்கு.